முற்றத்தில் மிஞ்சிய பச்சை

வழக்கு முடிந்துவிட்டது என்று அண்ணி நேற்றே அறிவித்துவிட்டாள். அறிவித்தபோது கைதட்டல்கூட விழுந்தது. துப்பறியும் தொழிலில் கைதட்டல் அபூர்வம். பெரும்பாலும் யாராவது அழுவார்கள், யாராவது கதவை அறைந்து சாத்துவார்கள், அத்தோடு சரி. அதனால் நேற்றைய கைதட்டலை அவள் வீடு போய்ச் சேரும்வரை மனதுக்குள் மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்டுக்கொண்டே போனாள்.

அண்ணி என்பது அவள் பெயரல்ல. அவளுக்கு உதவியாளனாக இருப்பவன் அவள் கணவனின் தம்பி. நாள் முழுக்க அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வழக்கோடு வருகிறவர்களுக்கும் அதுவே தொற்றிக்கொண்டது. கொழுந்தன் இதற்கு முன் பார்த்த வேலை எதுவும் நிலைக்கவில்லை. வாய் ஓயாதவனுக்கு வேலை எப்படி நிலைக்கும் என்பது அவன் அண்ணனின் கட்சி. துப்பறிவதில் மட்டும் வாய் ஒரு தகுதி என்பதால் இங்கே காலம் ஓடுகிறது.

மறுநாள் காலை இருவரும் எழுத்து மூலமான அறிக்கையைக் கொடுக்க அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார்கள். பயிர்களை ஆராய்வதற்கென்று புதிதாகக் கட்டிய இடம். ஒரு பக்கத்தில் இன்னும் சாரம் பிரிக்கப்படவில்லை. சுவர் அழுத்திய மண்கல், கூரை முழுக்கச் சூரியத் தகடு, நடுவில் பெரிய கண்ணாடி வீடு. மின்சாரத்தை வெளியே வாங்குவதில்லை, தண்ணீரையும் வாங்குவதில்லை. வாசலில் ஆளுயரப் பலகை: 'இந்த வளாகத்துக்குள் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் நுழைவதில்லை.'

"பலகையைப் படிக்கத் தெரியாத களைக்கொல்லி போலிருக்கு, அண்ணி" என்றான் கொழுந்தன்.

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. கண்ணாடி வீட்டில் வளர்ந்த பயறுச் செடிகள் திடீரென்று இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு செத்துப் போயிருந்தன. மழை பொய்த்தாலும் காய்க்கிற பயறு அது. அதை உண்டாக்கப் பல பருவங்கள் பாடுபட்டவள் இங்கே வேலை பார்க்கும் ஒரு விஞ்ஞானி. எல்லோரும் அவளைப் பயறு டாக்டர் என்பார்கள். இயக்குநரின் மனைவியும் அவள்தான். பாசனத் தொட்டித் தண்ணீரைச் சோதித்துப் பார்த்ததில் களைக்கொல்லி கலந்திருப்பது தெரிந்தது. யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்று பயறு டாக்டர் வற்புறுத்தவே இயக்குநர் அண்ணியை வரவழைத்தார்.

அண்ணி நேற்று மளமளவென்று முடித்துவிட்டாள். தொட்டிக்கு ஒரே மூடி, மூடிக்கு ஒரே பூட்டு, சாவி பம்ப் ஆபரேட்டரிடம். பம்ப் அறையில் டிரம்முக்குப் பின்னால் களைக்கொல்லி பாட்டில், காலியாக. வேலை நிரந்தரமாகவில்லை என்று அவருக்கு மனக்குறை இருந்தது ஊருக்கே தெரியும். அண்ணி ஊழியர்கள் அத்தனை பேரையும் கூட்டி, அவரை நடுவில் நிற்க வைத்து, விரல்விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாப்பாட்டுப் பையை மேஜைமேல் கொட்டச் சொன்னாள். ஒரு டப்பாவும் ஒரு கரண்டியும் விழுந்தன. நாற்பதைத் தாண்டிய அந்த மனிதர் "நான் பண்ணல" என்று மட்டும் சொன்னார். அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். இன்று காலை போலீஸ் வரும்போது வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்று உத்தரவு.

இன்றைக்கே இன்னொரு விசேஷமும் இருந்தது. பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் கொடுக்கும் குழு பார்வையிட வருகிறது. வந்ததும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று முன்முற்றத்தில் ஒரு வண்டியும் நிற்கக் கூடாதென்று சொல்லி, எல்லாக் கார்களையும் பின்தெருவுக்கு விரட்டியிருந்தார் இயக்குநர். அவர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் பயறு டாக்டர் வந்து, நன்றி சொல்வதற்காக அண்ணியைக் கண்ணாடி வீட்டுக்குள் அழைத்துப் போனாள்.

அழைத்துப் போகாமல் இருந்திருந்தால் அறிக்கை போலீஸ் கைக்குப் போயிருக்கும்.

உள்ளே ஒரு வரிசையில் பயறு, அடுத்த வரிசையில் சோளம். பயறு இழவு வீடு போலக் கிடந்தது. சோளமோ தளதளவென்று தலைக்குமேல் நின்றது. இரண்டுக்கும் ஒரே குழாய், ஒரே தண்ணீர்.

கொழுந்தன் சோளத்தை அண்ணாந்து பார்த்தான். "இவருக்கு மட்டும் விஷம் ஒத்துக்குது. எதைக் குடிச்சாலும் தாங்குற எங்க பெரியப்பா ஜாதி."

பயறு டாக்டர் லேசாகச் சிரித்தாள். அந்தக் களைக்கொல்லியின் குணமே அதுதான் என்றாள். அகல இலைச் செடிகளை மட்டும் கொல்லும், புல் இனத்தைத் தொடாது. சோளமும் ஒருவகைப் புல்தான். அண்ணி தலையாட்டினாள். செத்த செடிகளைப் பார்க்கையில் அவளுக்கு நேற்றைய பெருமை இன்னும் கொஞ்சம் கூடியதே தவிரக் குறையவில்லை. சரியான ஆளைப் பிடித்திருக்கிறோம் என்ற நிம்மதியோடு வெளியே வந்தாள்.

முற்றம் கல் பதித்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டிருந்தார்கள். அதில் முளைத்திருந்த களையில் அண்ணியின் செருப்பு சிக்கிக்கொண்டது. குனிந்து விடுவித்தவள் நிமிரவில்லை.

"என்ன அண்ணி, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"தம்பி, இங்க பாரு. இந்தப் படர்ற செடி எல்லாம் கருகிக் கிடக்கு. தண்டைப் பாரு, முறுக்கியிருக்கு. பக்கத்துலயே இந்தப் புல்லு?"

"புல்லு ஜோரா இருக்கு."

இரண்டு பேருமே ஒரே நேரத்தில் கண்ணாடி வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே அகல இலை செத்திருக்கிறது, புல் பிழைத்திருக்கிறது. வெளியேயும் அகல இலை செத்திருக்கிறது, புல் பிழைத்திருக்கிறது. ஒரே பாட்டில் இரண்டு இடத்திலும் வேலை செய்திருக்கிறது. தொட்டியில் விஷம் கலக்க வந்தவன் முற்றத்துக் களையை எதற்காகக் கொல்ல வேண்டும்?

பின்னால் வந்த பயறு டாக்டரிடம் அண்ணி இந்த முற்றத்து மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டாள். பயறு டாக்டர் இது தெரியாதா என்பது போலப் பார்த்தாள். கல் இடைவெளி வழியாக இறங்கி, அடியில் மணல், ஜல்லி எல்லாம் தாண்டி, நேரே பாசனத் தொட்டிக்குத்தான். இந்தக் கட்டடத்தின் பெருமையே அதுதானே.

"இந்த வாரம் மழை பெஞ்சுதில்ல?"

"திங்கட்கிழமை கொட்டிச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் இலை..." பயறு டாக்டர் பாதியில் நிறுத்தினாள்.

அப்படியென்றால் மூடி தேவையில்லை. பூட்டு தேவையில்லை. சாவி யாரிடம் இருந்தால் என்ன? நேற்று அண்ணி விரல்விட்டு எண்ணியதில் முதல் மூன்று விரல்கள் மடங்கிவிட்டன. யாரோ முற்றத்தில் களைக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். மீதியை மழை செய்திருக்கிறது. அண்ணிக்கு முகம் சுட்டது. கைதட்டல் ஞாபகம் வந்தது, வந்தவுடன் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

"அந்த மனுஷனைப் பையைக் கொட்டச் சொன்னேனே, தம்பி."

கொழுந்தன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தரையைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. "அண்ணி, அங்க மட்டும் ஏன் சாகல?" என்றான்.

காலி முற்றத்தின் நடுவே ஒரு கட்டம் பச்சையாக மிஞ்சியிருந்தது. சுற்றிலும் கருகல், அந்தக் கட்டத்துக்குள் மட்டும் படர்செடி உயிரோடு. தினமும் கார்கள் நிற்கிற இடமாதலால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. கொழுந்தன் அதன் ஓரத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்து அளந்து பார்த்தான். அவனைப் போல் இரண்டரை ஆள் நீளம், ஒரு ஆள் அகலம். எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, கார் என்றான். மருந்து அடித்தபோது இங்கே ஒரு கார் நின்றிருக்கிறது. அடித்தவர் அதை நகர்த்தச் சோம்பல்பட்டுச் சுற்றி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"யார் கார்னு பச்சை சொல்லாதே, அண்ணி."

"பாதி சொல்லுது. கோட்டைப் பாரு."

கார்களுக்காகப் போட்ட வெள்ளைக் கோடுகள் நேராக இருந்தன. பச்சைக் கட்டமோ கோணலாக, ஒரு கோட்டின்மேல் ஏறி, இரண்டு கார்களின் இடத்தை அடைத்துக் கிடந்தது. வேலை நாளில் இப்படி நிறுத்தினால் பக்கத்துக் கார்க்காரன் சண்டைக்கு வந்துவிடுவான். அப்படியானால் விடுமுறை நாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே தனியாக ஒரு கார் வந்திருக்கிறது. டிரைவர் வேலை பார்ப்பவர் யாரும் இவ்வளவு அசிங்கமாக நிறுத்த மாட்டார். சொந்தமாக ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர், கேட்க ஆளில்லாத நாளில் வந்து போயிருக்கிறார்.

இதையெல்லாம் அண்ணி கொழுந்தனிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பயறு டாக்டர் அந்தக் கோணல் கட்டத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"எங்க வீட்டு கேட் தூண்ல இடிச்சு இடிச்சு பெயிண்டே போயிடுச்சு. அவருக்கு வண்டியை நேரா நிறுத்தவே வராது."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை டிரைவருக்கு லீவு. கட்டட வேலையைப் பார்த்துட்டு வரேன்னு அவரே ஓட்டிட்டுப் போனார். வந்ததும் சட்டையை அவரே துவைச்சார், அண்ணி. கல்யாணம் ஆனதுலேர்ந்து முதல் தடவை. நான் எங்க அக்காவுக்குப் போன் பண்ணிப் பெருமையாச் சொன்னேன்."

அவள் முகத்தைப் பார்க்க அண்ணிக்குக் கூசியது. கண்டுபிடிப்பு என்பது இனிக்க வேண்டிய விஷயம். இதில் ஒரு சொட்டு இனிப்புகூட இல்லை.

இயக்குநரின் அறைக்குள் அண்ணியும் கொழுந்தனும் போனார்கள். பயறு டாக்டர் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். இயக்குநர் புதுக் கோட்டு போட்டிருந்தார். அறிக்கைக்காகக் கையை நீட்டினார். அண்ணி கொடுக்கவில்லை. வரவேற்புரை நன்றாக வந்திருக்கிறதா என்று விசாரித்தாள். தண்ணீரைப் பற்றிய பகுதியை மட்டும் ஒருமுறை சொல்லிக் காட்ட முடியுமா என்று கேட்டாள். அவருக்கு அது எத்தனையோ தடவை சொன்ன பகுதி. கேட்டதும் வாய் தானாக ஓடியது.

"எங்கள் முற்றத்தில் விழும் மழையில் ஒரு சொட்டும் வீணாவதில்லை. கல் இடுக்கில் விழுவது தொட்டிக்கு, தொட்டியில் விழுவது..."

அங்கே நின்றுவிட்டார். 'செடிக்கு' என்ற சொல் வெளியே வரவில்லை. வாசலில் நின்ற மனைவியை அப்போதுதான் பார்த்தார்.

அவர் மறுக்கவில்லை. மறுப்பார் என்று எதிர்பார்த்துக் கொழுந்தன் பச்சைக் கட்டத்தின் கதையைத் தயாராக வைத்திருந்தான், தேவைப்படவில்லை. முற்றம் முழுக்கக் களை மண்டிக் கிடந்தது, குழு வருகிற நேரம், கையால் பிடுங்க ஆட்களை விட்டால் ஒரு வாரம் ஆகும் என்றார் இயக்குநர். வாசலில் அந்தப் பலகையை வைத்துக்கொண்டு யாரிடம் போய் மருந்து அடி என்று சொல்வது? ஆகவே தானே அடித்தார். பாட்டிலைப் பார்வையாளர் யாரும் எட்டிப் பார்க்காத இடம் என்று பம்ப் அறையில் போட்டார். யாரையும் மாட்டிவிட நினைத்து வைக்கவில்லை, சத்தியமாக இல்லை.

"மழை பெஞ்சா தொட்டிக்குப் போகும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றான் கொழுந்தன்.

"தினமும் அதைத்தானே சொல்றேன். தினமும் சொல்லிச் சொல்லி... எனக்கு அது பேச்சா மட்டும் ஆயிடுச்சு."

"எப்போ தெரிஞ்சுது?" இதைக் கேட்டது மனைவி.

இயக்குநர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இலை சுருண்ட அன்னிக்கே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன் முகத்தைப் பார்க்க முடியல. பல வருஷ உழைப்பு. அதை நானே..."

"அதனால இன்னொருத்தர் முகத்தைக் காட்டிட்டீங்க."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அங்கிருந்து நகரவும் இல்லை. இயக்குநர் புதுக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். போலீசுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார். பம்ப் ஆபரேட்டர் மேல் புகார் இல்லை, புகார் என்று இருந்தால் அது தன்மேல்தான் என்று சொல்லும்போது குரல் பிசிறியது. குழு வந்ததும் முதலில் எதைக் காட்டப் போகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். செத்த வரிசையை என்றார். அவர் அந்த நிமிஷத்தில் மனிதராகத் தெரிந்தார் என்று பிற்பாடு கொழுந்தன் சொன்னான். அண்ணி அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் தாமதமாகத் தெரிந்தார் என்றாள். உடனே, அந்த ஒரு நாள் தாமதம் தனக்கும் உண்டே என்று வாயை மூடிக்கொண்டாள்.

பம்ப் ஆபரேட்டர் வாசலுக்கு எதிரே சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். போலீசுக்காக வந்தவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அண்ணி தனியாக அவரிடம் போய் நாலு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள். கொழுந்தன் வழியில் நின்றான்.

"நேத்து எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க, அண்ணி."

அவன் வாயிலிருந்து வந்த பேச்சுகளில் கிண்டல் கலக்காத பேச்சு அது ஒன்றுதான். அண்ணிக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவன் சொன்னது சரி என்பதுதான் காரணம். திரும்பிப் போய் ஊழியர்களைக் கூப்பிட்டாள். ஆபரேட்டரை உள்ளே வரச் சொன்னார்கள். அட்டை இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்று நேற்று சொல்லியிருக்கிறார்களே என்று அவர் எழுந்திருக்கவில்லை. ஆகவே எல்லோரும் சாலைக்கு வந்தார்கள், இயக்குநர் உட்பட. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணி தான் எங்கே தப்புக் கணக்குப் போட்டாள் என்பதை மறைக்காமல் சொன்னாள். தொட்டிக்கு மூடி ஒன்றுதான் வழி என்று நினைத்ததை, ஆளைப் பார்த்துவிட்டு அப்புறம் ஆதாரம் தேடியதை, கைதட்டல் பிடித்திருந்ததைக்கூடச் சொன்னாள். அடுத்து இயக்குநர் பேசினார். யாரும் நிமிரவில்லை. நேற்றுக் கைதட்டியவர்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். இயக்குநர் அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

ஆபரேட்டர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அண்ணியைத்தான் பார்த்தார்.

"நான் பண்ணலன்னு எனக்குத் தெரியும், மேடம். என்கிட்ட வந்து சொல்றீங்க. நேத்து வீட்டுக்குப் போனதும் எங்க வீட்டம்மா கேட்டா, 'நெஜமா நீங்க பண்ணலையே?'ன்னு. இத்தனை வருஷத்துல அவ என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல. அங்க வந்து சொல்லுங்க."

வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே முன்னால் நடந்தார், அண்ணியும் கொழுந்தனும் பின்னால். வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கணவனையும் கூட வருகிறவர்களையும் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டாள். ஆபரேட்டர் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரோடு நின்றுவிட்டார்.

அண்ணி உள்ளே போய், தான் யார் என்பதைச் சொன்னாள். உங்கள் வீட்டுக்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை, தப்பு செய்தவர் ஒப்புக்கொண்டுவிட்டார், அவரைச் சந்தேகப்பட்டது என் தப்பு என்றாள். அவ்வளவு சொல்வதற்குள் அந்தப் பெண்ணின் தலை குனிந்துவிட்டது. கண்ணில் நீர் கட்டியது. சந்தோஷமென்று அண்ணி முதலில் நினைத்தாள். அந்தப் பெண் கேட் பக்கம் கண்ணைத் திருப்பப் பார்த்து, முடியாமல் மறுபடி தரையைப் பார்த்தபோதுதான் அது என்னவென்று புரிந்தது. தன் முகத்தில் காலையிலிருந்து சுட்டுக்கொண்டிருந்த அதே சூடு அந்த முகத்திலும் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது யாரென்றும் தெரிந்தது.

"போதும் மேடம்" என்றாள் அவள். "புரிஞ்சுது. போதும்."

"போதாது." வெளியிலிருந்து ஆபரேட்டரின் குரல் வந்தது. கோபமில்லாத குரல்தான். "முழுசா கேளு. அவங்க தப்பைக் கேட்டா, நீ கேட்டது தப்பில்லன்னு உனக்கே தெரியும்."

அண்ணி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.